பின் கியரில் வராத சத்தம்

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்கள் எல்லோரிடமும் ஸ்கேனர் இருக்கிறது. எங்கள் காலத்தில் அரை நாள் எடுத்த பல வேலைகளை அது அரை நிமிடத்தில் முடித்துவிடுகிறது. அதைக் குறை சொல்ல நான் எழுதவில்லை. ஆனால் "சத்தம் வருது" என்று ஒருவர் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி, ஸ்கேனரும் கோளாறு ஒன்றுமில்லை என்று காட்டினால், அதன் பிறகு உங்களிடம் மிஞ்சுவது வண்டியை ஓட்டிவந்தவர் சொல்லும் விவரம் மட்டும்தான். அந்த விவரத்தை ஒரு நாள் நான் காதில் வாங்கியும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. ஒன்றரை மணி நேரம் ஒரு தவறான முடிவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த ஒன்றரை மணி நேரத்தில் ஒருவருடைய உயிர் பட்டறை வாசலில் காத்துக்கொண்டிருந்தது.

முப்பத்தோரு ஆண்டுகள் எஞ்சின் வேலை பார்த்தேன். முதல் ஒன்பது ஆண்டுகள் வாளையாரில், லாரிப் பட்டறையில். மீதி ஆண்டுகள் இடுக்கி மலைமேல் இருக்கும் ஆனைக்கரையில், கார்களும் ஜீப்புகளும் வரும் பட்டறையில். முதுகெலும்பு தேய்ந்ததால் போன ஆண்டு, ஐம்பத்து நான்காவது வயதில் நிறுத்திக்கொண்டேன். தினமும் வேலை முடிந்ததும் குறிப்பு எழுதும் பழக்கம் உண்டு. இதில் வரும் நேரங்கள் அந்தக் குறிப்பிலிருந்து எடுத்தவை.

வாளையாரில் எனக்கு ஒரு வசதி இருந்தது. அப்போது அதன் பெயர் வசதி என்று தெரியவில்லை. மாநில எல்லைச் சோதனைச் சாவடியில் வரிசையில் நின்று சலித்துப்போன லாரிகள் சிமென்ட்டோ இரும்போ ஏற்றிய பாரத்தோடு அப்படியே பட்டறைக்குள் வரும். சாலையில் என்ன சத்தம் வந்ததோ அதே சத்தம் என் காதிலும் விழும். ஆனைக்கரையில் அப்படி இல்லை. மலையேறும்போது சத்தம் போட்ட வண்டி, ஆட்களை இறக்கிவிட்டு, சமதளத்தில் இருக்கும் பட்டறையில் வந்து சாதுவாக நிற்கும். லாரிகளில் பழகிய காதை மட்டும் வைத்துக்கொண்டு இத்தனை ஆண்டுகள் காலம் தள்ளியிருக்கிறேன் என்பது எனக்கே அன்றுதான் புரிந்தது.

அது ஏலக்காய் பறிக்கும் எடுப்புக் காலம். மழையும் விடவில்லை. புதன்கிழமை காலை எட்டு நாற்பதுக்குச் செல்வராணியின் வண்டி வந்தது. செல்வராணிக்கு நாற்பது வயது இருக்கும். ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்துக்கொண்டே வண்டி ஓட்டக் கற்று, ஆறு ஆண்டுகளாக ஏழு பேர் உட்காரும் டீசல் கார் ஒன்றைச் சொந்த டாக்சியாக ஓட்டுகிறவர். பின்இருக்கையில் மரியபுஷ்பம் அம்மா உட்கார்ந்திருந்தார். தேயிலை எஸ்டேட்டில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். இரண்டு சிறுநீரகமும் பழுதானதால் வாரம் மூன்று முறை, திங்கள், புதன், சனி, கம்பத்தில் இருக்கும் மருத்துவமனையில் அவருக்கு டயாலிசிஸ். அழைத்துப் போய்க் கொண்டுவந்து விடுவது செல்வராணி.

"ஏனுங்க அம்மணி, என்ன பண்ணுது வண்டி?" என்று கேட்டேன்.

"எத்தன தடவண்ணே சொல்றது, அம்மணின்னு கூப்பிடாதீங்கன்னு. ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கையெழுத்துப் போடக் கூப்பிடுற மாதிரி இருக்கு."

"செரிங்க. வண்டி என்ன பண்ணுதுங்க?"

"சத்தம்ணே. திங்கக்கெழமையில இருந்து. ஏத்தத்துல ஃபர்ஸ்ட் கியர் போட்டு மிதிச்சா அடியில இருந்து டொக்கு டொக்குன்னு வருது. செகண்டுலயும் லேசா இருக்கு. கிளச்ச மிதிச்சா நின்னுருது. எறக்கத்துல வரல. நேத்து சர்ச்சு மேட்டுல ரிவர்ஸ்ல ஏத்திப் பாத்தேன், அப்பயும் வரல."

பின்இருக்கையிலிருந்து மரியபுஷ்பம் அம்மா, "நான் ஏறி உக்காந்தாத்தான் மேஸ்திரி அந்தச் சத்தம் ஜாஸ்தியா வருது. வண்டிக்கும் என்னையப் புடிக்கல," என்றார். சிரித்தார். ஆனால் ஒரு வாக்கியத்துக்குள் இரண்டு முறை மூச்சு வாங்கினார். கால்கள் வீங்கி, செருப்பின் வார் சதைக்குள் பதிந்திருந்தது.

அப்போதுதான் செல்வராணி விஷயத்தைச் சொன்னார். திங்கள்கிழமை கம்பம்மெட்டு இறக்கத்தில் மண் சரிந்து பாதை அடைபட்டுவிட்டது. நடுவழியில் திரும்பி வந்துவிட்டார்கள். அதாவது சனிக்கிழமைக்குப் பிறகு மரியபுஷ்பம் அம்மாவுக்கு ரத்தம் சுத்தம் செய்யப்படவில்லை. இன்று பன்னிரண்டரை மணிக்கு அவருடைய முறை. அதைத் தவறவிடவே கூடாது என்று மருத்துவர் தொலைபேசியில் சொல்லியிருந்தார். ஆனைக்கரையிலிருந்து கம்பத்துக்கு எப்படியும் ஒன்றேகால் மணி நேரம் பிடிக்கும்.

வேலைச் சீட்டில் புகார் எழுத ஒரு விரல் நீளத்துக்கு ஒரு கோடு இருக்கும். அதில் "எஞ்சின் நாக்கிங், லோடில்" என்று எழுதினேன்; பாரம் ஏறினால் எஞ்சின் தட்டுகிறது என்று பொருள். செல்வராணி சொன்னது ஏழு செய்திகள். நான் எழுதியது ஒன்றரை. இருபது ஆண்டுகளுக்கு மேலாக அப்படித்தான் எழுதினேன். வாடிக்கையாளர் நீட்டி முழக்குவதை நம்முடைய தொழில் மொழியில் சுருக்கி எழுதுவதுதான் திறமை என்று நினைத்திருந்தேன். அந்தச் சீட்டை எழுதி முடித்தபோதே, எனக்குத் தெரியாமல், என்ன கோளாறு என்பதையும் எழுதி முடித்துவிட்டேன். அதற்குப் பிறகு நான் தேடியது சத்தத்தை அல்ல. சீட்டில் எழுதியதற்கு ஆதாரத்தை.

நின்ற இடத்தில் எஞ்சின் சும்மா ஓடும்போது சத்தமில்லை. ஆக்ஸிலரேட்டரை மிதித்தாலும் இல்லை. ஸ்கேனரும் ஒன்றும் காட்டவில்லை. என்னோடு வேலை பார்த்த சாபுவை ஓட்டுநர் இருக்கையில் உட்கார்த்தி, பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு, முதல் கியரில் கிளட்சைப் பாதி விடச் சொன்னேன். எஞ்சின் திணறியது. உடனே சத்தம் கேட்டது. டொக், டொக், டொக். கனமான, இரும்போடு இரும்பு மோதும் சத்தம். நீளத் திருப்புளியின் நுனியை எஞ்சினில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்டேன். மூன்றாவது சிலிண்டருக்கு நேர் கீழே அதிகம். மூன்றாவது இன்ஜெக்டரின் மின் இணைப்பைக் கழற்றினேன். அந்தச் சிலிண்டரில் எரிதல் நின்றது. சத்தம் பாதியாகக் குறைந்தது.

இது உங்களுக்கும் சொல்லிக் கொடுக்கப்பட்டிருக்கும். ஒரு சிலிண்டரை நிறுத்தியதும் தட்டல் குறைந்தால், அந்தச் சிலிண்டரில் பிஸ்டன் தண்டின் அடியில் இருக்கும் கனெக்டிங் ராடு பேரிங் தேய்ந்துவிட்டது. பாடம் சரிதான். நான் அந்த ஒன்றோடு நிறுத்திக்கொண்டேன் என்பதுதான் தவறு. மற்ற மூன்று இணைப்புகளையும் கழற்றிப் பார்க்க மூன்று நிமிடம் ஆகியிருக்காது. தேடியது கிடைத்துவிட்டதால் கழற்றவில்லை. எண்ணெய் அளவுகோலை இழுத்துத் துடைத்துப் பார்த்தபோது எண்ணெயில் உலோகத் தூள் ஒரு மினுக்கம்கூட இல்லை. பேரிங் தேய்ந்திருந்தால் இருந்திருக்க வேண்டும். அதையும் பார்த்தேன். "இப்பத்தானே ஆரம்பிச்சிருக்கு" என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஒன்பதரை மணிக்குத் துணியில் கை துடைத்துக்கொண்டு செல்வராணியிடம் போனேன்.

"பேரிங் போயிருச்சுங்க. எஞ்சினை எறக்கிப் பிரிக்கோணும். இதோட மலை எறங்கக் கூடாதுங்க. கொண்டை ஊசி வளைவுல எஞ்சின் சிக்கி நின்னுபோச்சுன்னா ஸ்டீரிங்கும் கனத்துப்போகும், பிரேக்கும் கட்டையாயிரும்."

"எத்தன நாளுண்ணே?"

"சாமான் கொச்சியில இருந்து வரோணும். பத்து நாள் வைங்க."

"பத்து நாளா? பத்து நாள்ல அக்காவுக்கு நாலு தடவ போகணும்ணே."

மரியபுஷ்பம் அம்மா கார்க் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "பத்து நாள் கழிச்சு நேரா கல்லறைத் தோட்டத்துக்கு விட்ருவா. அதுக்கு நம்ம ஊர்ல ஏத்தமே கெடையாது. சத்தமும் வராது," என்றார்.

"வாயக் கழுவுங்கக்கா," என்றார் செல்வராணி. ஆனால் அவர் சிரிக்கவில்லை.

வேறு வண்டி தேடினோம். எடுப்புக் காலத்தில் எங்கள் ஊர் எப்படி என்று உங்களில் மலைக்கு வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. விடியும் முன்பே ஜீப்புகள் கம்பத்துக்கு இறங்கி, தோட்டத்து வேலையாட்களை ஏற்றிக்கொண்டு மேலே வரும். மாலை வரை தோட்டங்களுக்குள்ளேயே நிற்கும். பாதித் தோட்டங்களில் தொலைபேசி எடுக்காது. சாபு எட்டுப் பேரைக் கூப்பிட்டார். ஆறு பேருக்கு இணைப்பே கிடைக்கவில்லை. இருவர், சாயங்காலம் நாலு மணிக்கு மேல் என்றார்கள். ஆம்புலன்ஸ் ஒரு பிரசவக் கேஸோடு கட்டப்பனைக்குப் போயிருந்தது. எப்போது திரும்பும் என்று சொல்ல முடியவில்லை. பட்டறையில் இருந்த மற்ற மூன்று வண்டிகளும் பிரித்துப்போட்ட நிலையில் கிடந்தன. மணி பத்து ஆகிவிட்டது.

செல்வராணி அழவில்லை, கெஞ்சவில்லை. தன் வண்டியின் முன்னால் நின்று திறந்திருந்த எஞ்சினைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு என்னிடம் வந்தார்.

"அண்ணே, ஒண்ணு கேக்கவா? கோவிச்சுக்கிடக் கூடாது."

"கேளுங்க."

"பேரிங்கு போனா, எஞ்சின் கஷ்டப்படும்போதெல்லாம் சத்தம் வரணுமா இல்லையா?"

"ஆமாங்க."

"சர்ச்சு மேட்டுல ரிவர்ஸ்ல ஏத்துறப்பவும் அதே கஷ்டந்தானண்ணே? புகை கக்கிக்கிட்டுத்தான் ஏறுச்சு. ரிவர்ஸ்ல மட்டும் எப்படி பேரிங்கு வாய மூடிக்கிட்டு இருக்கும்?"

சாபு தொலைபேசியைக் காதிலிருந்து எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். "சேச்சி சொல்லுறது பாயின்ட்டாணு ஆசானே," என்றார் தன் மலையாளம் கலந்த தமிழில்.

இந்த இடத்தில் உண்மையை எழுத வேண்டும். எனக்கு முதலில் வந்தது கோபம். முப்பது ஆண்டு எஞ்சினோடு கிடந்தவனிடம் ஆறு ஆண்டு டாக்சி ஓட்டியவர் கேட்கிறார் என்ற கோபம். "நீங்க வண்டி ஓட்டுங்க, நான் எஞ்சின் பாக்கறேன்" என்ற வாக்கியம் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சொல்லாமல் நின்றதற்கு என் நல்ல குணம் காரணமில்லை. அவர் கேட்டது சரியான கேள்வி. அதுதான் காரணம். எந்தக் கியரில் ஓடுகிறது என்பது கனெக்டிங் ராடு பேரிங்குக்குத் தெரியாது. கியர் பெட்டி அதற்கு அப்பால் இருக்கிறது. முன்னால் போனாலும் பின்னால் போனாலும் எஞ்சின் ஒரே பக்கமாகத்தான் சுற்றும்.

காலையிலேயே அவர் இதைச் சொன்னார் என்பதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. சீட்டை எடுத்துப் பார்த்தேன். அதில் அது இல்லை.

மறுபடி சாபுவை ஏறச் சொன்னேன். முதல் கியர், பாதிக் கிளட்ச். டொக், டொக். முதல் இன்ஜெக்டரைக் கழற்றினேன். சத்தம் பாதியானது. மாட்டிவிட்டு இரண்டாவது. பாதியானது. நான்காவது. அதுவும் பாதியானது. ஆக மூன்றாவது சிலிண்டர் ஒரு குற்றமும் செய்யவில்லை. எதை நிறுத்தினாலும் எஞ்சினின் பலம் குறைகிறது, பலம் குறைவதால் சத்தமும் குறைகிறது. அவ்வளவுதான். காலை ஒன்பது மணிக்கே நான் கேட்டிருக்க வேண்டிய சாட்சிகள் மூன்று பேர். பத்தேகால் மணிக்குத்தான் கூப்பிட்டேன்.

"சாபு, ரிவர்ஸ் போடு."

அதே பிரேக், அதே பாதிக் கிளட்ச். எஞ்சின் அதே போலத் திணறியது. சத்தம் இல்லை.

"முதல் கியர்."

டொக், டொக்.

இந்த முறை நான் காதைத் தீட்டிக்கொண்டு குனியவில்லை. நிமிர்ந்து நின்று எஞ்சினைக் கண்ணால் பார்த்தேன். முதல் கியரில் பாரம் ஏறும்போது மொத்த எஞ்சினும் மேல்பக்கம் பின்னால் சாய்ந்தது. அப்படியானால் அடிப்பக்கம் முன்னால் தள்ளும். பின் கியரில் நேர் எதிராகச் சாய்ந்தது. சாய்வது இயல்பு. இவ்வளவு சாய்வது இயல்பல்ல. எஞ்சினின் அடியில் ஏதோ ஒன்று, முன்பக்கமாக, மிக அருகில் இருக்கிறது. எஞ்சின் அதன்மேல் போய் முட்டுகிறது.

அடியில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஆனைக்கரையில் வண்டி வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். எஸ்டேட் பாதைகளில் கருங்கல் துருத்திக்கொண்டிருக்கும். கம்பெனி கொடுக்கும் பிளாஸ்டிக் அடிமூடி ஒரு மழைக்காலம் தாங்காது. அதனால் வெல்டிங் கடையில் கனத்த இரும்புத் தகடு வெட்டி, வளைத்து, எஞ்சினுக்குக் கீழே போல்ட் போட்டு மாட்டிவிடுவார்கள். "கார்டு" என்போம். எண்ணெய்த் தொட்டியைக் கல்லிலிருந்து காப்பாற்றுவதற்காக அது. வாளையார்க்காரனுக்கு அது புதிதாகத் தெரிந்திருக்கும், உடனே கழற்றிப் பார்த்திருப்பான். நான் மலைக்காரன் ஆகிவிட்டேன். எல்லா வண்டியிலும் இருப்பதால் அது எனக்கு வண்டியின் உடம்பாகவே தெரிந்தது. காலையில் வண்டிக்கு அடியில் இருக்கும் பட்டறைப் பள்ளத்தில் இறங்கி விளக்கடித்தபோது அந்தத் தகட்டைப் பார்த்துவிட்டு, எண்ணெய் ஒழுகவில்லை என்று குறித்துக்கொண்டு மேலே வந்திருந்தேன்.

"திங்கக்கெழம அடியில ஏதாவது பட்டுச்சுங்களா?" என்று கேட்டேன். சத்தம் தொடங்கிய நாளில் என்ன நடந்தது என்ற கேள்வியை முதல் கேள்வியாகக் கேட்டிருக்க வேண்டும். ஒன்றரை மணி நேரம் கழித்துக் கேட்டேன்.

"மண் சரிஞ்ச எடத்துல வண்டியத் திருப்பினேம்ல, அப்ப ஒரு கல்லு மேல ஏறி எறங்குச்சுண்ணே. டமார்னு கேட்டுச்சு. கார்டு இருக்கே, ஒண்ணும் ஆகாதுன்னு வந்துட்டேன்."

தகட்டுக்கு எட்டு போல்ட்டுகள். ஆறு, துருப்பிடித்து முனகிக்கொண்டு கழன்றன. இரண்டின் தலை மழுங்கிப்போயிருந்தது. சாபு அறுத்தெடுத்தார். தகடு கீழே வந்ததும் விளக்கைக் காட்டினோம். நடுவில், முன்பக்கமாக, கீழிருந்து கல் குத்தி உள்ளே மேடு தள்ளியிருந்தது. எண்ணெயும் மண்ணும் அப்பிக் கறுத்திருந்த உள்பக்கத்தில், அந்த மேட்டின் உச்சி மட்டும் ஐந்து ரூபாய் நாணய அளவுக்குத் தேய்ந்து பளபளத்தது. நேர் மேலே எண்ணெய்த் தொட்டியிலும் அதே அளவில் ஒரு பளபளப்பு. எஞ்சினைப் பின்னாலிருந்து பிடித்துக்கொள்ளும் மவுண்ட்டின் ரப்பர் பாதி கிழிந்திருந்தது. அதனால்தான் அவ்வளவு சாய்ந்தது. அதே மோதலில் கிழிந்ததா, முன்பே கிழிந்திருந்ததா என்று இப்போதும் எனக்குத் தெரியாது.

தகடு இல்லாமல் மறுபடி முதல் கியரில் திணறடித்துப் பார்த்தோம். ஒன்றும் கேட்கவில்லை. சாபு எஞ்சினை நிறுத்திவிட்டு வெளியே தலையை நீட்டி, "சேச்சிக்கு இனி நம்ம பட்டறையில ஒரு ஸ்டூல் போட்டு உட்காரவைக்கலாம்," என்றார்.

"சம்பளம் என்ன தருவீங்க?" என்றார் செல்வராணி. அன்று காலையில் அவர் முகத்தின் இறுக்கம் முதல்முறையாகத் தளர்ந்தது அப்போதுதான்.

மணி பத்து ஐம்பது. இப்போது முடிவெடுக்க வேண்டியது நான்தான். இளைஞர்களே, நம் வேலையில் கடினமான இடம் கோளாறைக் கண்டுபிடிப்பது இல்லை. ஒன்றரை மணி நேரத்துக்கு முன்னால் "போகாதே" என்று சொன்ன அதே வாயால் "போகலாம்" என்று சொல்வதுதான். முதல் முடிவில் தவறியவன் இரண்டாவது முடிவிலும் தவறியிருக்கலாம். அவசரப்படுகிறவர்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டே எடுத்த முடிவு அது என்றால் இன்னும் அதிகமாகச் சந்தேகப்பட வேண்டும்.

அதனால் பத்து நிமிடம் எடுத்துக்கொண்டேன். எண்ணெய்த் தொட்டியைத் துடைத்துக் காயவைத்து, எஞ்சினை ஓடவிட்டு, தேய்ந்த இடத்தில் வெள்ளைத்தாளை ஒற்றி ஒற்றிப் பார்த்தேன். கசிவு இல்லை. கொஞ்சம் எண்ணெயை எடுத்து வெள்ளைத்துணியில் வடித்தேன். துணியில் கறுப்பைத் தவிர ஒன்றும் தங்கவில்லை. எண்ணெய் அழுத்தம் அளந்தேன், சரியாக இருந்தது. மவுண்ட் கைவசம் இல்லை. கட்டப்பனையிலிருந்து மறுநாள் வரும். கிழிந்த மவுண்ட்டோடு நிதானமாகப் போனால் ஆபத்தில்லை. தகடு எஸ்டேட் பாதைக்குத்தான் தேவை. கம்பம் வரை தார்ச்சாலை. அந்தப் பத்து நிமிடமும் செல்வராணி ஒரு முறைகூட மணி பார்க்கவில்லை, "ஆச்சாண்ணே" என்று கேட்கவில்லை. அந்தக் கட்டுப்பாடு எனக்கு வராது.

"போலாமுங்க. ஆனா நானும் வர்றேன்," என்றேன்.

"நீங்க எதுக்குண்ணே?"

"நான் சொன்னது தப்பாயிருந்துச்சுன்னா, அது நடக்கற எடத்துல நான் இருக்கோணும். ஒரே ஒரு தட்டு கேட்டாலும் அங்கயே நிறுத்திப்போடோணுமுங்க."

"ஏறு மேஸ்திரி," என்றார் மரியபுஷ்பம் அம்மா. "எனக்கும் பேச்சுத்தொணைக்கு ஆளாச்சு. இவ ஓட்டும்போது வாயே தெறக்க மாட்டா."

பதினொன்று ஐந்துக்குப் புறப்பட்டோம். கம்பம்மெட்டு வரை ஏற்றமும் இறக்கமுமாக இருக்கும் பாதை. முதல் ஏற்றத்தில் செல்வராணி முதல் கியர் போட்டார். நான் ஜன்னலை இறக்கி, தலையை வெளியே நீட்டினேன். டயர் ஈரத்தில் உரசும் சத்தம். எஞ்சின் சத்தம். வேறு இல்லை. இரண்டாவது ஏற்றம், மூன்றாவது. இல்லை.

அதற்குப் பிறகுதான் அவர் ஓட்டுவதைக் கவனித்தேன். பட்டறைக்காரர்கள் யாரும் ஓட்டுநர்களைக் கவனிப்பதில்லை. வண்டியைக் கெடுத்துக்கொண்டு வருகிறவர்கள் என்றே நினைப்போம். ஒவ்வொரு வளைவுக்கும் வெகு முன்னாலேயே கியரைக் குறைத்தார். பிரேக்கை மிதித்தது தெரியவே இல்லை. பள்ளம் வரும் முன் கண்ணாடியில் பின்இருக்கையைப் பார்ப்பார். மரியபுஷ்பம் அம்மா கைப்பிடியைப் பிடித்தபிறகுதான் சக்கரம் பள்ளத்தில் இறங்கும். மண் சரிந்த இடத்தில் ஒரு பக்கம் மட்டும் திறந்திருந்தார்கள். எதிரே வந்த லாரிக்கு வழிவிட்டு ஓரத்தில் நின்றபோது மட்டும் அவருடைய விரல்கள் ஸ்டீயரிங்கில் தாளம் போட்டன. அது ஒன்றுதான் அவருடைய பதற்றத்துக்கு நான் கண்ட அடையாளம். பன்னிரண்டு இருபதுக்கு மருத்துவமனை வாசலில் நிறுத்தினார். சக்கர நாற்காலி வந்தது. பத்து நிமிடம் கழித்து நர்ஸ் வெளியே வந்து, இயந்திரத்தில் போட்டாயிற்று என்றார்.

நான்கு மணி நேரம் காத்திருக்க வேண்டும். எதிரே இருந்த கடையில் சாப்பிட்டுவிட்டு மருத்துவமனை பெஞ்சில் உட்கார்ந்தோம். எனக்கு ஒன்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

"ரிவர்ஸ்ல ஏத்திப் பாக்கோணும்னு உங்களுக்கு எப்படித் தோணுச்சுங்க?"

"தோணலண்ணே. எல்லா மாதிரியும் ஓட்டிப் பாத்தேன். ஃபர்ஸ்ட்ல, செகண்டுல, ஏசி போட்டு, ஏசி இல்லாம, அக்காவ ஏத்திக்கிட்டு, எறக்கிவிட்டு. ரிவர்ஸ் ஒண்ணுதான் பாக்கி இருந்துச்சு. அதையும் பாத்துட்டேன்."

"எதுக்குங்க அவ்வளவு?"

அவர் என் பக்கம் திரும்பினார். "ஒரு ஆம்பள வந்து சத்தம் வருதுன்னா பானட்டத் தெறக்குறீங்க. நான் சொன்னா, 'எப்ப வருது, எங்க வருது, உங்களுக்கு அப்படித் தோணுதா'ன்னு கேக்குறீங்க. அதான், கேக்குறதுக்கு முன்னாடியே எல்லாத்துக்கும் பதில் தயார் பண்ணிக்கிட்டு வந்துருவேன். உங்களக் கொற சொல்லலண்ணே. எல்லாப் பட்டறையிலயும் அப்படித்தான்."

குறை சொல்லவில்லை என்று அவர் சொன்னது உண்மைதான். அவர் குரலில் குறையே இல்லை. மழை வரும் என்று குடை எடுத்துவருவதைப் போலத்தான் சொன்னார். ஆனால் அவர் அத்தனை பதில்களையும் கையில் கொண்டுவந்து கொடுத்தும், நான் கணக்கில் எடுக்காததால் அவை பயன்படாமல் கிடந்தன. இவரைவிடத் துல்லியமாக ஒரு சத்தத்தைச் சோதித்த எந்த மெக்கானிக்கையும் நான் பார்த்ததில்லை. என்னையும் சேர்த்துச் சொல்கிறேன். மறுநாளிலிருந்து வேலைச் சீட்டின் பின்பக்கம் முழுவதையும் புகாருக்கு ஒதுக்கினோம். வண்டி கொண்டுவந்தவர் சொல்லும் வார்த்தைகளிலேயே எழுத வேண்டும், ஓட்டிப்பார்க்காமல் அதற்குத் தொழில் பெயர் வைக்கக் கூடாது என்று சாபுவும் நானும் தீர்மானித்தோம். நீங்களும் அப்படிச் செய்ய வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

ஐந்து மணிக்கு மரியபுஷ்பம் அம்மாவை வெளியே கொண்டுவந்தார்கள். முகம் வெளுத்திருந்தது. பேச்சில்லை. பின்இருக்கையில் தலையணை வைத்துச் சாய்த்துப் படுக்கவைத்தார் செல்வராணி.

காலையில் போனது பெரும்பாலும் இறக்கம். இனிதான் மலை. கம்பம்மெட்டுக்கு ஏறும் கொண்டை ஊசி வளைவுகளில், முழுப் பாரத்தோடு, முதல் கியரிலும் இரண்டாவது கியரிலும் எஞ்சின் தொடர்ந்து திணறப்போகிறது. நான் சொன்னது சரியா தவறா என்பது அங்கேதான் தெரியும். முதல் வளைவில் செல்வராணி ஜன்னலை இறக்கினார். நானும் இறக்கினேன். இரண்டாவது வளைவில், "கேக்குதாண்ணே?" "இல்லீங்க." அடுத்த வளைவில், "இப்ப?" "இல்லீங்க." ஒரு வளைவில் ஏதோ தட்டியது. இருவரும் ஒரே நேரத்தில் தலையைத் திருப்பினோம். முன்னால் போன ஜீப்பின் பின்கதவுக் கொக்கி ஆடும் சத்தம். அது போன பிறகும் கொஞ்ச தூரம் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் போனோம். கடைசி வளைவும் முடிந்து கம்பம்மெட்டு விளக்குகள் தெரிந்தன. சத்தம் வரவில்லை.

"வரலண்ணே," என்றார் செல்வராணி.

"வரலீங்க," என்றேன் நான்.

பின்இருக்கையிலிருந்து குரல் வந்தது. தூங்குகிறார் என்று நினைத்திருந்தோம்.

"நல்ல சோடி. அடிவாரத்துல இருந்து வண்டிக்குச் சத்தம் வருதா வருதான்னே கேட்டுக்கிட்டு வர்றீக. பின்னாடி ஒருத்தி கெடக்காளே, அவகிட்ட இருந்து ஏதாச்சும் சத்தம் வருதான்னு ஒருத்தராவது கேட்டீகளா?"

செல்வராணி வண்டியை ஓரம்கட்டி நிறுத்தினார். ஸ்டீயரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தார். சிரிக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். தோள்கள் குலுங்குவது நிற்க வெகுநேரம் ஆனது. நான் பின்னால் திரும்பி, "எப்படியிருக்குதுங்கம்மா?" என்று கேட்டேன்.

மரியபுஷ்பம் அம்மா யோசித்தார். பிறகு இரண்டு கால்களையும் ஒன்றன்பின் ஒன்றாக லேசாகத் தூக்கிப் பார்த்தார்.

"காலு கனம் கொறஞ்சிருக்கு மேஸ்திரி. மூச்சு நல்லா வருது. அவளக் கண்ணத் தொடச்சிட்டு வண்டிய எடுக்கச் சொல்லு. பசிக்குது," என்றார்.